அரியலூரில் மூடாத பக்கம்

2006-இல் பெரம்பலூரில் ஒரு திருமணத் தகவல் மையத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. அரியலூரில் எங்கள் கிளை. அதை ஓர் அக்கா பார்த்துக்கொண்டார். இரண்டு ஊருக்கும் வரன் பட்டியல் ஒன்றுதான். பிரவுசரில் இங்கே சேர்த்தால் அங்கே தெரியும், இங்கே நீக்கினால் அங்கேயும் போய்விடும் என்று சொல்லித்தான் அந்தப் புரோகிராமை விற்றிருந்தார்கள்.

குன்னம் பக்கத்து டிராக்டர் மெக்கானிக் ஒருவன், போட்டோவில் பல் தெரியச் சிரிப்பவன், லாரி மோதி இறந்துவிட்டான். அவன் அப்பா நேரில் வந்து சொன்னார். அவர் கண் எதிரிலேயே நீக்கினேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் அதே சிரிப்பு, அதே "பெண் தேவை". மறுபடி நீக்கினேன். மறுநாளும் வந்தான்.

எனக்குப் பேய் பிசாசெல்லாம் கிடையாது, எரிச்சல்தான் வரும். ஆனால் ஒரு காலையில் அவனுக்கு வயது ஒன்று கூடியிருந்தது. பிறந்த தேதியை வைத்துப் புரோகிராமே கணக்குப் போடும் என்று தெரிந்தும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

அவன் அப்பா மறுபடி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எடுத்துட்டேன்னு சொன்னீங்களேம்மா. பொண்ணு வூட்டுலேர்ந்து போன் வந்துகிட்டே இருக்கு. அவன் அம்மா எடுத்து, வேலைக்குப் போயிருக்கான்னு சொல்றா. நேத்து அவனுக்குச் சோறும் எடுத்து வச்சுட்டா. அவளையாவது எனக்கு விட்டு வைங்கம்மா."

அன்றே அரியலூருக்கு பஸ் ஏறினேன். கிளையில் மானிட்டர் இருட்டாக இருந்தது, நெற்றியில் குங்குமப் பொட்டோடு. பொத்தானை அழுத்தினேன். சிரித்துக்கொண்டு இருந்தான்.

"இந்தப் பக்கத்தை மூடவே மாட்டீங்களா அக்கா?"

"கல்யாணக் காரியம் பாக்குற எடத்துல மூடுறதுன்னு ஒண்ணு உண்டா? கடையையே எடுத்து வைக்கிறோம்னுதான சொல்லுவோம். பூஜை போட்டுத் தொறந்ததும்மா. ராத்திரி வெளக்கை மட்டும் அணைச்சுட்டுப் போவேன். கரண்டு போனா இன்வெர்ட்டர் இருக்கு."

புரிந்தது. திறந்தே கிடந்த அந்தப் பக்கம் தன்னிடமிருந்த பழைய பட்டியலை அவ்வப்போது சர்வருக்கு அனுப்பியபடி இருந்தது. சர்வர் தன்னிடம் இல்லாதவனைப் புது வரன் என்று நினைத்துச் சேர்த்துக்கொண்டது. இவன் நீக்கப்பட்டவன் என்று குறித்துவைக்க அந்தப் புரோகிராமில் இடமே இல்லை. கல்யாணம் முடிந்தவர்களும் இப்படித் திரும்பி வந்திருந்தார்கள். போன் போனால் "முடிஞ்சிருச்சுங்க" என்று வைத்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

பக்கத்தை மூடிவிட்டு, அவனைக் கடைசியாக ஒருமுறை நீக்கினேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு சூடம் ஏற்றினார். அதன்பிறகு அவன் வரவில்லை.

சில வாரம் கழித்து அவன் அப்பா போன் செய்தார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"போனே வரலைம்மா. அவன் அம்மா, எம்புள்ளைக்கு என்ன கொறைன்னு கேட்டுக் கேட்டுச் சாப்புடாம கெடக்குறா. பொண்ணு வூடு மாதிரி நீங்க ஒரே ஒரு தடவ பேசுங்களேன்."

கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. ஆனாலும் சாயங்காலம் அந்த எண்ணைச் சுழற்றினேன். முதல் மணியிலேயே அவன் அம்மா எடுத்துவிட்டார்.

"தம்பி இருக்காருங்களா?"

"இருக்கான், இருக்கான். சாப்புட்டுகிட்டு இருக்கான். இருங்க, குடுக்குறேன்."

ரிசீவர் கை மாறியது. தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க, நான்தான் பேசுறேன்" என்றது அவன் அப்பாவின் குரல்.