மேசையில் எட்டுப் பெண்கள், எழும்பத் தடை!

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் செய்த வேலை, என் வாழ்நாளிலேயே மிகக் கஷ்டமான வேலை. என்ன வேலை என்கிறீர்களா? சும்மா இருந்தது!

சிரிக்காதீர்கள். நிலாவெளியில் கடலைப் பார்த்தபடி ஒரு ஹோட்டல். ஏசி போட்ட மண்டபம், வெள்ளைத் துணி விரித்த மேசை, மெத்தை வைத்த கதிரை. அதில் ஒன்றரை மணித்தியாலம் அசையாமல் இருந்துவிட்டு வந்து, நாரி நோவுக்கு இடுப்பில் எண்ணெய் பூச வேண்டியதாகப் போய்விட்டது.

விஷயம் இதுதான். என் கணவரின் அக்கா, திரியாய் ஊரில் இருக்கும் பரிமளம் மச்சாளுக்கு அறுபது வயது. கனடாவில் இருக்கும் மகன், “அம்மா, ஒருநாளைக்காவது சமைக்காமல் இருந்து சாப்பிடுங்கோ” என்று சொல்லி ஹோட்டலில் மேசை பதிந்துவிட்டான். பெண்கள் மட்டும் எட்டுப் பேர். மச்சாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்... ஊரில் கலியாணமோ, கோயில் அன்னதானமோ, அகப்பை அவர் கையில்தான். இன்னொருவர் பரிமாற அவர் சாப்பிட்டதை நான் கண்டதே இல்லை.

ஹோட்டல் வாசலில் நின்றாள் ஜெனிற்றா. பாலையூற்றில் எங்கள் வீட்டுக்குப் பின் ஒழுங்கைப் பிள்ளை. அங்கே ஒரு வருடமாக ஹொஸ்டஸ். வருகிறவர்களைச் சிரித்த முகத்தோடு கூட்டிப் போய், கதிரையில் இருத்தி, மெனு அட்டையைக் கையில் கொடுத்தால் அவள் வேலை முடிந்தது. பிறகு சாப்பாட்டோடு வருகிறவர் ஸ்டூவர்ட். அந்த ஹோட்டலில் ஸ்டூவர்ட் எல்லோருமே ஆண்கள்.

அன்றைக்கு அவள் முகத்தில் சிரிப்பைக் காணவில்லை. என்னை ஒரு பக்கமாக இழுத்தாள்.

“அன்ரி, இண்டைக்கு ஒரு ஸ்டூவர்ட் வரேல்லை. ஆறு மாசமா நான் கேட்டுக் கேட்டு, சரி ஒரு மேசை பாத்துக் காட்டு எண்டு விட்டிருக்கினம். உங்கடை மேசைதான் எனக்குச் சோதினை.”

“அட, நல்ல விசயம்தானே! நாங்கள் எல்லாரும் உனக்கு உதவி செய்வம்.”

“ஐயோ அன்ரி, அதைத்தான் செய்யக் கூடாது! ஆக்கள் தாங்களா எழும்பிப் போட்டுச் சாப்பிட்டினம் எண்டால், இவளுக்கு வேலை ஏலாது எண்டு சுப்பவைசர் எழுதிப்போடுவார். பிறகு கிழவியாகும் வரைக்கும் எனக்குக் கதவடிதான். அங்கை நிண்டு மேலை போக வழியில்லை அன்ரி. சிரிச்சுச் சிரிச்சுத் தாடையும் நோகுது.”

எட்டுத் தமிழ்ப் பெண்கள்... முன்னால் சாப்பாடு... ஒருவரும் எழும்பக் கூடாதாம்! நடக்கிற காரியமா?

இந்த இரண்டு சொற்களையும் கொஞ்சம் பாருங்களேன். விமானத்தில் பெண் ஜூஸ் கொடுத்தால் ஹொஸ்டஸ். அதே ஜூஸை ஆண் கொடுத்தால் ஸ்டூவர்ட். வேலை ஒன்று, பெயர் இரண்டு. ஹோட்டலுக்கு வந்தால் வேலையும் இரண்டாகிவிடுகிறது — அவள் வாசலில் சிரிக்க வேண்டும், அவர் உள்ளே சுமக்க வேண்டும். ஏன் அவள் சுமக்கக் கூடாது? ட்ரே பாரமாம்! முப்பது பேருக்குச் சோறு வெந்த பானையை அடுப்பிலிருந்து இறக்குகிறவள் யார்? அப்போது யாருக்காவது பாரம் நினைவுக்கு வந்ததா? வீட்டில் வாசலுக்கு ஓடிப்போய் “வாங்கோ, வாங்கோ” என்பதும் நான்தான், குசினிக்கு ஓடிப்போய்த் தேத்தண்ணி ஊற்றி வருவதும் நான்தான். எனக்கு ஒரு பெயரும் இல்லை, பெயர்ப் பட்டியும் இல்லை!

சரி, கதைக்கு வருவோம். மேசையில் எல்லோருக்கும் காதுக்குள் விஷயத்தைச் சொன்னேன்.

“பாவம் பிள்ளை. நாங்கள் ஏன் எழும்பப் போறம்? கல்லு மாதிரி இருப்பம்” என்றார் மச்சாள்.

இப்படிச் சொன்னவர், சூப் வந்த முதல் நிமிடத்திலேயே எழும்பிவிட்டார்!

“மச்சாள், இருங்கோ!” சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன்.

“இல்லையப்பா, அந்தக் கரையிலை இருக்கிறவைக்கு எட்டாது. நான் ஒருக்கா...”

இருத்தினேன். அதற்குள் மற்றப் பக்கம் இருந்த என் சின்னம்மா வெறும் கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கத் தொடங்கிவிட்டார். பக்கத்தில் ஒருத்தி மேசைத் துணியில் சிந்தியதை வழித்துத் துடைக்கிறாள். இன்னொருத்தி கையில் பிளேட்டோடு, “குசினி எந்தப் பக்கம்?” என்று தேடுகிறாள். கடவுளே! இவர்களை அடக்குவதா, நான் சாப்பிடுவதா?

மற்றவர்களைச் சொல்வானேன்... என் கையைப் பார்க்கிறேன், நண்டுக் கறிக் கரண்டி என் கையில்! எப்போது எடுத்தேன், யாருக்குப் போடப் போனேன், ஒன்றும் தெரியாது. மெல்ல அதை வாங்கினாள் ஜெனிற்றா.

“விடுங்கோ மெடம், நான் போடுறன்.”

மெடமாம்! முதல்நாள்தான் எங்கள் வீட்டில் கறிவேப்பிலை பிடுங்கிக்கொண்டு போனவள். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

ஆனால் பிள்ளை சளைக்கவில்லை. மச்சாள் தண்ணீர்ப் போத்தலைத் தேடினால், கிளாஸ் நிறைந்திருக்கிறது. சம்பல் பக்கம் கண் போனால், சம்பல் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஒரு கையில் நாலு பிளேட், மற்றக் கையில் சோற்றுத் தட்டு... ஒரு பருக்கை கீழே விழவில்லை. மச்சாளும் விடவில்லை, எங்கேயாவது முந்திவிடலாமென்று பார்த்துக்கொண்டே இருந்தார். முடியவில்லை. கடைசியில் கதிரையில் நன்றாகச் சாய்ந்து, இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். அதைப் பார்க்க எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை.

கடைசியில் இனிப்புக்கு வந்த வட்டிலப்பமும் முடிந்தது. சுப்பவைசர் கையில் கொப்பியோடு வந்தார். கிண்ணியாக்காரர், மரியாதையான மனுஷன்.

“சாப்பாடெல்லாம் எப்படிம்மா? பரிமாறினதுல ஏதும் கொற இரிக்கா?”

“ஒண்டுமில்லை!” பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஏழு பேரும் ஒரே குரலில் கத்தினோம்.

“ஓம் தம்பி, ஒரு குறை இருக்கு” என்றார் மச்சாள்.

போச்சு! எல்லாம் போச்சு! மேசைக்கு அடியில் மச்சாளின் காலை ஓங்கி மிதித்தேன். “ஆ!” என்றார் சின்னம்மா. பின்னால் பிளேட்டுகளோடு நின்ற ஜெனிற்றாவின் முகம் செத்துப்போய்விட்டது.

“என்ன கொறம்மா?” கொப்பியைத் திறந்தார் அவர்.

“அறுபது வயசாச்சு. இண்டைக்குத்தான் முதல் தரம் தம்பி... இந்தப் பிள்ளை என்னை ஒரு வேலையும் செய்ய விடேல்லை!”

அவர் மச்சாளைப் பார்த்தார், ஜெனிற்றாவைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். “அத அப்படியே எழுதுறன்ம்மா” என்றார். எழுதினார்.

வியாழக்கிழமை பின்னேரம் ஜெனிற்றா புதுச் சீருடையோடு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள். நெஞ்சில் பெயர்ப் பட்டி: ஸ்டூவர்ட். நாங்கள் இரண்டு பேரும் முற்றத்தில் நின்று துள்ளிய துள்ளலைப் பார்த்து, என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

மச்சாள் சொன்ன அந்தக் குறையை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து ஒருநாளாவது சொல்ல வேண்டுமென்று எனக்கும் ஆசைதான்... கலியாணமாகி இருபத்தெட்டு வருடம், இன்னும் யாரும் அதற்கு இடம் தரவில்லை!