பறை முகாமுக்குச் சமைக்க வந்த ராக்கம்மாள்

கீழக்குயில்குடி மலையடிவாரத்தில் வாராவாரம் நடந்த பறைப் பயிற்சி முகாமுக்குச் சமைக்கத்தான் ராக்கம்மாள் வந்தார். எழுமலைப் பள்ளியொன்றில் சத்துணவு சமைப்பவர்; வயது ஐம்பத்திரண்டு. அவர் வீட்டிலும் பறை உண்டு, ஆனால் ஆண்கள் மட்டும்தான் அடிப்பார்கள். சாம்பாரைக் கிண்டும்போது அவர் கால் தானாகத் தாளம் போடுவதைப் பயிற்சியாளர் தமிழ்வாணி பார்த்துவிட்டாள்.

"அக்கா, வந்து அடிச்சுப் பாருங்க."

"எனக்குத் தெரியாது தாயி. காதால கேட்டதுதான்."

"அம்புட்டு போதும், வாங்க."

தோளில் பறையை மாட்டிவிட்டாள். முதல் இரண்டு அடி தயங்கி விழுந்தது. அப்புறம் கை தாளத்தைப் பிடித்துக்கொண்டது. எல்லோரும் சுற்றி நின்று ஆட, ராக்கம்மாளும் அடித்தபடியே ஆடினார். அதற்குள் சாம்பார் அடிபிடித்துவிட்டது. அதையே சிரித்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

கிளம்பும்போது ராக்கம்மாள் சொன்னார்: "அடுத்த வாரம் சமைக்க வேற ஆளப் பாரு தாயி. நான் பறையடிக்க வாரேன்."