ஐந்தில் வைத்த ஃபேன்

பச்சைக் குழந்தைக்கு நேராக ஃபேன் காற்று படக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் யாரும் எழுதி வைக்காத சட்டம். உச்சிக்குழி மூடாத தலை, காற்று இறங்கிவிடும் என்பார்கள். அதனால் மகள் தலைப்பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வேங்கிக்கால் வீட்டுக்கு வந்த அன்றே, படுக்கையறை ஃபேனை நான் ஒன்றில் வைத்துவிட்டேன். முப்பது நாள் அது ஒன்றிலேயே ஓடியது. மகளுக்கு முதுகெல்லாம் வியர்வை. இருந்தாலும் பொறுத்துக்கொண்டாள்.

முப்பதாம் நாள் தலைக்கு ஊற்றி, தீட்டுக் கழித்து, குழந்தையைத் தொட்டிலில் போட்டதும் அவள் செய்த முதல் வேலை, ரெகுலேட்டரை ஐந்துக்குத் திருப்பியதுதான். ஃபேன் கொஞ்சம் முனகியது. பிறகு பழையபடியே மெதுவாகச் சுற்றியது.

மறுநாளிலிருந்து சந்தேகம் என்மேல் விழுந்தது. அவள் கண் அசரும்போதெல்லாம் நான் குறைத்து வைக்கிறேன் என்றாள். அவள் நினைத்ததில் தப்பில்லை. நான் கவலைப்படுகிறவள் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். கேஸை மூடிவிட்டுப் பஸ் ஸ்டாப் வரை போய், திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போவேன். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். இன்றைக்கும் ஒரு ஜாக்கெட்டுக்கு மூன்று தடவை அளவெடுப்பேன். ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். முப்பது நாள் முடிந்த பிறகும் இரண்டு முறை, அவள் குளிக்கப் போன நேரத்தில் நான் ரெகுலேட்டரைக் குறைத்திருக்கிறேன். குழந்தை தும்மியது, மனசு கேட்கவில்லை. அவள் வருவதற்குள் மறுபடியும் ஐந்தில் வைத்துவிட்டேன். இரண்டே முறைதான். ஆனால் அந்த இரண்டினால், நான் தொடவே இல்லை என்று சத்தியம் பண்ண முடியாமல் போயிற்று. போகப்போக எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நம்மை அறியாமல் போகிற போக்கில் திருகிவிட்டு வருகிறோமோ என்று யோசித்தேன்.

ஒருநாள் அவள் ரெகுலேட்டரை ஐந்தில் வைத்து, அதன் குமிழைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அப்போதும் ஃபேன் மெதுவாகத்தான் ஓடியது. வோல்டேஜ் கம்மியாக இருக்கும் என்று அவளே சொல்லிக்கொண்டாள்; மற்ற நாளில் குறைத்தது நான்தான் என்பதில் மட்டும் அவளுக்கு மாற்றமில்லை.

அந்த வாரம் சம்பந்தியம்மா வேலூரிலிருந்து வீடியோ காலில் வந்தார். குழந்தையின் கழுத்தில் வேர்க்குரு. மகள் போனை அண்ணாந்து பிடித்து ஃபேனைக் காட்டினாள்.

"இன்னா சம்பந்தி, இங்கருந்தே றெக்கையை எண்ணிடலாம் போலருக்கே" என்று சிரித்தார் அவர்.

கெட்ட மனுஷி இல்லை. பேரப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஆசை. அவர்கள் வீட்டில் ஏசி இருக்கிறது. மூன்று மாதம் முடிந்துதான் பெண்ணையும் பிள்ளையையும் அனுப்புவது எங்கள் வழக்கம். அதற்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. பௌர்ணமிக் கிரிவலக் கூட்டத்தில் ஊருக்குள் வண்டி விட மாட்டார்கள், அது முடிந்த மறுநாள் காரை அனுப்பட்டுமா என்று மருமகளைக் கேட்டார். மகள் என் பக்கம் திரும்பாமல், அனுப்புங்க அத்தை என்றாள்.

போனை வைத்ததும் ஏன் இப்படி என்று கேட்டேன்.

"இந்த வீட்ல காத்துக்குக்கூட உன்னைத்தான் கேக்கணும்மா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்.

ஒன்றரை மாதம் முன்னாலேயே அவள் போவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இப்படி ஒரு நினைப்போடு அவள் வண்டி ஏறக் கூடாது.

பௌர்ணமிக்கு முந்தின நாள் காலை. மகள் கூடத்தில் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் ஃபேனை நிறுத்தி றெக்கைகளைத் துடைத்துவிட்டு மறுபடியும் சுவிட்சைப் போட்டேன். உம்மென்று சத்தம் வந்ததே தவிர, ஃபேன் அசையவில்லை. ஒட்டடைக் கோலால் ஒரு றெக்கையைத் தள்ளிவிட்டேன். சோம்பலாகச் சுற்ற ஆரம்பித்தது. சுவரைப் பார்த்தேன். குமிழ் இல்லாத ரெகுலேட்டர். ஐந்தில்தான் இருக்கிறது. அப்படியென்றால் தப்பு என்னுடையது இல்லை. ஒரு சாமான் கெட்டுப்போனதற்கு நான் சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையிலேயே அன்றைக்கு மட்டும்தான்.

மகளைக் கூப்பிட்டுத் தள்ளிக் காட்டினேன். பார்த்தாள். ரிப்பேர் என்றால் ஆளைக் கூப்பிடு என்று சொல்லிவிட்டுக் குழந்தையிடம் போய்விட்டாள். கார் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எலக்ட்ரீஷியன் கிரிவலப் பாதையில் அன்னதானப் பந்தல்களுக்கு விளக்குக் கட்டிக்கொண்டிருந்தார். தள்ளிவிட்டால் சுற்றுகிறதா என்று போனிலேயே கேட்டு, ஃபேனைக் கிளப்பிவிடுகிற கண்டன்சர் போய்விட்டது என்றார். பௌர்ணமி கழிந்து இரண்டு நாளில் வருவதாகச் சொன்னார். கார் அதற்கு முன்பே வந்துவிடும்.

கடைவீதியில் பாய் ஒருவரின் எலக்ட்ரிக்கல் கடை. மிஷின் மோட்டாருக்கு ஒயர், பிளக் எல்லாம் அவரிடம்தான் வாங்குவேன். கண்டன்சர் வேண்டும் என்றதும் இரண்டரை நம்பரா, மூன்று பதினைந்தா என்று கேட்டார்.

"எது ஜாஸ்தி வேகமா சுத்தும் பாய்?"

"எல்லாரும் இதையேதான் கேக்குறாங்க. பழசுல இன்னா போட்டிருக்குதோ அதைத்தான் போடணும். ஜாஸ்தி போட்டா மோட்டர் சூடாவும்."

வீட்டு ஃபேனுக்குப் பெரும்பாலும் இரண்டரைதான் இருக்கும், பழையதில் வேறு நம்பர் இருந்தால் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கட்டைவிரல் பருமனில் ஒரு வெள்ளை டப்பி, அதிலிருந்து இரண்டு ஒயர். நானே மாட்டலாமா என்று கேட்டேன். மிஷினையே பிரித்து மாட்டுகிறவருக்கு இது பெரிய விஷயமா என்றார். மெயினை இறக்க வேண்டும். கரண்டை நிறுத்தினாலும் பழைய கண்டன்சருக்குள் கொஞ்சம் தங்கியிருக்கும். பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரால் அதன் இரண்டு முனையையும் ஒருசேரத் தொட்டால் இறங்கிவிடும் என்று சொல்லிக்கொடுத்தார். அதை மூன்று தடவை கேட்டேன்.

"யம்மா, நீங்க கேக்குறதைப் பாத்தா எனக்கே பயமா இருக்குது" என்றார்.

வீட்டுக்காரர் கீழ்பென்னாத்தூரிலிருந்து லாரியில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் என்னை ஏற விட்டிருக்க மாட்டார். மெயினை இறக்கிவிட்டு, அதற்குக் கீழே நாற்காலி போட்டு மகளைக் குழந்தையோடு உட்கார வைத்தேன். யாரையும் தொட விடாதே என்றேன்.

"வீட்ல நாம ரெண்டு பேருதானேம்மா இருக்கோம்" என்றாள். ஆனாலும் உட்கார்ந்தாள்.

துணி வெட்டுகிற மேஜையை இழுத்துப் போட்டு ஏறினேன். ஃபேன் மோட்டாருக்கு மேலே, ராடை மூடிக்கொண்டிருக்கிற கிண்ணத்தின் திருகைத் தளர்த்தி மேலே தள்ளினேன். உள்ளே பழைய கண்டன்சர், ஒரு பக்கம் உப்பிப்போய் இருந்தது. நம்பர் மங்கியிருந்தது, இரண்டரைதான். ஒயர் எது எங்கே என்று போனில் மூன்று போட்டோ எடுத்தேன். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரை வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. சந்தேகத்துக்கு இன்னொரு முறை வைத்தேன். அதன் பிறகு இரண்டு திருகைக் கழற்றி, புதியதன் ஒயர்களைச் செருகி முறுக்குவதற்கு, ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கிற நேரம்தான் ஆயிற்று. ஒயரை இழுத்துப் பார்த்தேன். இறங்கிவிட்டு மறுபடியும் ஏறி, இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன்.

மெயினைத் தூக்கி, சுவிட்சைப் போட்டேன். யாரும் தள்ளாமலே ஃபேன் கிளம்பியது. நாலைந்து சுற்றில் றெக்கைகள் கலந்து ஒரே வட்டமாகிவிட்டன. காலண்டர் படபடத்தது. மேஜையிலிருந்த வெட்டுத்துணிகள் அறை முழுக்கப் பறந்தன. மகள் குழந்தையோடு கட்டிலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள். கண்ணை மூடிக் காற்றை வாங்கினாள். நான் துணிகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

பத்து நிமிஷம் இருக்கும். குழந்தை தும்மியது.

மகள் என்னைப் பார்த்தாள். நான் துணிகளைப் பொறுக்கிக்கொண்டே இருந்தேன். குழந்தை இரண்டாவது முறை தும்மியது. அவள் தலையணைக்கு அடியிலிருந்து குமிழை எடுத்து, ரெகுலேட்டரில் அழுத்திப் பொருத்தி, மூன்றுக்குத் திருப்பினாள்.

"சிரிக்காதம்மா."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

இரண்டு பேரும் சிரித்துவிட்ட தைரியத்தில் அந்த இரண்டு தடவையையும் சொல்லிவிட்டேன்.

"தெரியும்மா. குளிச்சிட்டு வந்து பாக்குறேன், குமிழ்ல கோதுமை மாவு ஒட்டிக்கினு இருந்துச்சு. ரெண்டு தடவையும்" என்றாள். பிறகு, "ஆனா மத்த நாளெல்லாம் சும்மா உன் மேல பழி போட்டுட்டேன்" என்றாள்.

அவளே வேலூருக்கு வீடியோ கால் போட்டாள். கார் வேண்டாம், வழக்கப்படி மூன்று மாதம் முடிந்தே வருகிறேன், நீங்கள் வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றாள். சம்பந்தியம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஃபேனைக் காட்டச் சொல்லிப் பார்த்தார்; இப்போது எண்ண முடியவில்லை என்று ஒத்துக்கொண்டார்.

பேசி முடித்துவிட்டு மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் குமிழைக் கழற்றவில்லை.