கல்யாணப் பதிவேட்டில் ஒரு தகப்பன்

லீனாவுக்குத் தகப்பன்மார் இரண்டு பேர். பெற்றவர் சவிரிமுத்து, மன்னாரிலிருந்து படகேறி வந்த மீன்பிடிக்காரர். எழுதப்பட்டவர் தேவானந்தம், சித்தூர் எம்ஆர்ஓ ஆபீசில், அதாவது தாலுகா ஆபீசில், முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், மிஷன் காலத்துத் தமிழ்க் கிறிஸ்தவ சபையின் செக்ரெட்டரி. பெற்றவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. எழுதப்பட்டவர் நன்றாகவே இருக்கிறார், தினமும் காலையில் வாக்கிங் போகிறார். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

சவிரிமுத்துவும் மனைவியும் எண்பத்தைந்தில் மண்டபம் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். மறுவருஷம் நவம்பரில் ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரியில் லீனா பிறந்தாள். அவளுக்கு மூன்று வயது ஆனபோது, வீடு நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி அப்பா ஊருக்குப் போனார். பார்த்தாரோ இல்லையோ, திரும்பி வரவில்லை. பிறகு அம்மாவையும் பிள்ளையையும் ஆந்திராவின் தடாவுக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் முகாமுக்கு மாற்றினார்கள். பத்துக்குப் பத்து அறை, பொதுக் குழாய், மாதம் ஒருமுறை செக்கிங். செக்கிங் என்றால் அதிகாரி வந்து பெயர் வாசிப்பார், ஆஜர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பதிவிலிருந்து பெயர் போய்விடும். இந்தியாவில் பிறந்து இந்தியாவிலேயே அகதியாக வளர்ந்தவள் லீனா. அம்மா காலமானபோது அவளுக்கு இருபத்தொரு வயது.

அந்த வருஷம் மாங்காய் சீசனில் சித்தூர் பழக்கூழ் தொழிற்சாலை ஒன்றுக்கு ஆள் எடுத்தார்கள். முகாமிலிருந்து எட்டுப் பெண்கள் போனார்கள், லீனாவும் போனாள். பெல்ட்டில் ஓடிவரும் பழத்தில் அழுகலைப் பொறுக்கித் தள்ளும் வேலை. அங்கே பழ லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன் ஸ்டீவன். லோடு இறக்கும்வரை சும்மா நிற்கிற டிரைவர், நாளெல்லாம் நின்றபடி வேலை செய்கிற பெண்ணிடம் இரண்டு வார்த்தை பேசினான். சீசன் முடிந்து மற்ற ஏழு பேர் முகாமுக்குத் திரும்பினார்கள். லீனாவுக்கு அடுத்த வருஷம் சித்தூர்ச் சபைக் கோயிலில் கல்யாணம்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. தகப்பனில்லாத பெண்ணைச் சபைப் பெரியவர் ஒருவர் கைபிடித்துப் பீடம்வரை அழைத்து வருவார். அதோடு விடமாட்டார். கல்யாணப் பதிவேட்டில் தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் தன் பெயரையே எழுதிவிடுவார். கட்டம் காலியாக இருந்தால் பெண்ணுக்குக் குறைச்சலாம். இப்படித் தகப்பன் பெற்ற பெண்கள் அந்தச் சபையில் எத்தனையோ பேர். ஒருத்திக்கும் கேடு வந்ததில்லை. இந்த நாட்டில் பிறந்தேன் என்று அவர்களில் யாரும் எவருக்கும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

தேவானந்தம் பேனாவைத் திறந்தபோது லீனா மெதுவாகச் சொன்னாள்: "ஐயா, எங்கட அப்பா பேர் சவிரிமுத்து."

"இருக்கட்டும்மா. அவரு மேல இருந்து பாத்துக்கினு இருப்பாரு. கீழ நான் இருக்கறேன் இல்ல? இனிமே என்னை நைனான்னு கூப்பிடு" என்றார் தேவானந்தம்.

லீனா அழுதுவிட்டாள். மூன்று வயதுக்குப் பிறகு தகப்பனை ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிட அவளுக்கு வாய்க்கவே இல்லை. அன்றிலிருந்து அவர் நைனாதான். அன்பில் குறை வைத்தாரா என்றால் வைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்குப் புடவை கொடுத்தார், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றார், பிறந்த பிள்ளைக்கு சுஜிதா என்று பெயர் சொன்னதே அவர்தான். அந்தப் பதிவேட்டின் நகலை வைத்து வாக்காளர் அட்டைக்கு மனு எழுதியதும் அவர்தான். பிறந்த ஊர் சித்தூர், தகப்பன் தேவானந்தம் என்று தன் கையால் எழுதினார்.

"தப்பில்லையா நைனா?"

"முப்பது வருசம் நான் இருந்த ஆபீஸ்மா. எது தப்புன்னு எனுக்குத் தெரியாதா? உனுக்கு எதுக்கு அகதின்னு ஒரு பேரு?"

சரி என்றாள். ஆனாலும் முகாமை அவள் விடவில்லை. மாதாமாதம் செக்கிங் நாளன்று ஸ்டீவன் அவளை பைக்கில் கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டில் விடுவான். திருப்பதி போய், அங்கிருந்து தடா போய், இன்னொரு பஸ் ஏறி, ஆஜர் என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் திரும்புவாள். பதினாறு வருஷம் இப்படி. பைத்தியமா உனக்கு என்று ஸ்டீவன் கேட்பான். சவிரிமுத்து மகள் லீனா என்று வாசிக்கிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான் என்பதை அவனுக்குச் சொல்லிப் புரியவைக்க அவளுக்குத் தெரியவில்லை.

போன வருஷம் செக்கிங் வரிசையில் ஒரு சேதி காதில் விழுந்தது. முகாமில் பிறந்த ஒரு பெண் கோர்ட்டுக்குப் போய் பாஸ்போர்ட் வாங்கிவிட்டாளாம். லீனா வரும் வழியில் திருப்பதியில் இறங்கி, யார் யாரையோ விசாரித்து, கல்பனா என்ற வக்கீலிடம் போய் நின்றாள். ஆஸ்பத்திரிச் சீட்டையும் பிறப்புச் சான்றிதழையும் கல்பனா இரண்டு தடவை படித்தார்.

"எண்பத்தேழு ஜூலைக்கு முன்னாடி இந்த நாட்டுல பொறந்திருக்கீங்க. அப்பா அம்மா எந்த நாடா இருந்தாலும் சட்டப்படி நீங்க இந்தியக் குடிமகதான். யாரும் குடுக்க வேணாம். பொறந்தப்பவே வந்துடுச்சு."

லீனாவுக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்தெட்டு வருஷமாக ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. கல்பனா இன்னொன்றும் சொன்னார். லீனா குடிமகள் என்று ஆனால் சுஜிதாவும் குடிமகள். லீனா சட்டவிரோதமாகக் குடியேறியவள் என்று ஆனால், தகப்பன் இந்தியனாக இருந்தாலும் சுஜிதாவும் வெளியாள்தான். பிள்ளை பத்தாம் வகுப்பு. நர்சிங் படிக்க ஆசை. அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் அவளிடமும் காகிதம் கேட்பார்கள்.

"ஆனா சித்தூர் பேப்பர்ல அப்பா பேரு வேற, பொறந்த ஊரு வேற. மொதல்ல அத சரி பண்ணணும். அந்தப் பெரியவர் வந்து, சபை வழக்கப்படி நான்தான் எழுதினேன்னு சொன்னா போதும். அவரு சொல்லலைன்னா பொய்ப் பேப்பர் குடுத்தவ நீங்கன்னு ஆயிடும். அவருகிட்ட நல்லா கேட்டுக்கினு அப்புறம் மனு போடுங்க" என்றார் கல்பனா.

லீனா நல்லாவே கேட்டாள். தேவானந்தம் நாற்காலியிலிருந்து எழுந்து அவள் தலையில் கை வைத்தார். "நான் எழுதினது. நானே வந்து சொல்றேன். என் கையெழுத்த நானே இல்லேன்னு சொல்வேனாம்மா?"

அந்த ஒரு சொல்லை நம்பித்தான், தகப்பன் பெயரையும் பிறந்த ஊரையும் திருத்தக் கேட்டு, கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தாள். வாக்காளர் அட்டையையும் தானாகவே கொண்டுபோய் ஒப்படைத்தாள். யாரும் அவளைப் பிடிக்கவில்லை, யாரும் சந்தேகப்படவில்லை. உண்மையை அவளே போய்ச் சொன்னாள்.

விசாரணை சித்தூரில், முற்பகல் பதினொரு மணிக்கு. அதிகாரி ரமணா, கத்தாத மனிதர். தேவானந்தம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். லீனா எழுந்து அவருக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டாள். அவர் அவளைப் பார்க்காமல் உட்கார்ந்தார். வாயைத் திறந்ததும் தெலுங்கு வந்தது. வீட்டில், கோயிலில், அவள் பிரசவத்தில், எப்போதும் தமிழிலேயே பேசிய மனிதர்.

"ஈ அம்மாயி எவரோ நாக்கு தெலீது சார்."

இந்தப் பெண் யாரோ எனக்குத் தெரியாது என்றார். உள்ளூர் அநாதை என்று சொல்லி எங்களை நம்ப வைத்தாள், இரக்கப்பட்டுக் கைபிடித்து வந்தேன், மனுவை அவள் சொன்னபடிதான் எழுதினேன் என்றார். எல்லாவற்றையும் எழுத்திலும் கொண்டுவந்திருந்தார், அதே அழகான கையெழுத்தில்.

"நைனா!" என்றாள் லீனா. அவர் திரும்பவில்லை.

ரமணா ஸ்டீவன் பக்கம் திரும்பினார். "உனுக்குத் தெரியுமா? தெரிஞ்சே மறைச்சிருந்தா நீயும் கேஸ்ல வருவ. யோசிச்சிச் சொல்லு."

ஸ்டீவன் யோசித்தான். லைசென்ஸ் போகும், வேலை போகும், பிள்ளை இருக்கிறது என்றெல்லாம் யோசித்திருப்பான். "தெரியாது சார். கல்யாணத்துக்கு அப்புறம்கூட அவ சொல்லல" என்றான்.

லீனா எழுந்துவிட்டாள். பதினாறு வருஷம் சித்தூர்ப் பேச்சு பேசிய வாயில் அம்மாவின் பேச்சு வந்தது. "தெரியாதோ? மாசாமாசம் என்னை பஸ் ஏத்திவிட்டது ஆர்? நீ இல்லாமல் வேற ஆர்?"

ஸ்டீவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரமணா பேனாவை மூடினார். "நான் நம்பறது நம்பாதது வேற அம்மா. தெரியாதுன்னு சொன்னது அவங்க ரெண்டு பேரு. உங்க பக்கம் நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

வெளியே வராந்தாவில்தான் தேவானந்தத்துக்குத் தமிழ் திரும்பியது. அவருடைய மகன் சாம்ராஜ் கனடாவில் இருக்கிறான், நிரந்தரமாகத் தங்க மனுப் போட்டிருக்கிறான். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை என்று அதில் எழுதியிருக்கிறான். அப்பாவுக்குக் காகிதத்தில் ஒரு மகள் இருப்பதும் அதனால் கேஸ் வருவதும் அங்கே தெரிந்தால் மனு கெட்டுவிடும் என்று போனில் கத்தியிருக்கிறான்.

"என் புள்ள வாழ்க்கைம்மா. ஒரே புள்ள. அங்க போய் எவ்ளோ கஷ்டப்பட்டுக்கினு இருக்கறான்" என்று கண்ணைத் துடைத்தார். பிறகு, ஆறுதல் சொல்வதாகவே நினைத்துக்கொண்டு, இதையும் சொன்னார்: "நீ முகாம்ல இருந்து பழகினவ. உன்னால தாங்கிக்க முடியும். அவன் பழகாதவன்."

லீனாவுக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது, அதே சமயம் அவர் மடியில் விழுந்து அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் படி இறங்கினாள்.

பொய்ச் சான்று கொடுத்ததாக வழக்கு பதிவாயிற்று. முடியும்வரை முகாமிலேயே இருக்க வேண்டும், அனுமதியில்லாமல் வெளியே போகக் கூடாது. பத்துக்குப் பத்து அறைக்கு லீனா திரும்பினாள். கல்பனா ஹைகோர்ட்டில் மனுப் போட்டிருக்கிறார். பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறது, ஜெயிக்கலாம், ஆனால் வருஷக்கணக்கில் ஆகும் என்கிறார். தகப்பன் விஷயத்தில் பொய் சொன்னவள் பிறந்த விஷயத்தில் மட்டும் உண்மை சொல்வாளா என்று எதிர்த்தரப்பு கேட்கிறதாம். ஸ்டீவன் இரண்டு முறை வந்தான். முகாம் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பினாள். சுஜிதாவுக்குப் பரீட்சை என்பதால் அவள் சித்தூரில் அப்பாவோடு இருக்கிறாள், வாரம் ஒரு நாள் போன் செய்கிறாள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் பிள்ளை போனில் சொன்னாள்: "கோயில்ல உனுக்காக ஜெபம் பண்றாங்கம்மா. வாரா வாரம் ஜெபக் குறிப்புல உன் பேர வாசிக்கிறாங்க. தூரத்துல கஷ்டப்படற சகோதரி லீனா ஸ்டீவனுக்காகன்னு. இன்னைக்கு வாசிக்கும்போது தேவானந்தம் தாத்தா அழுதுட்டாரும்மா."

லீனா நிதானமாகச் சொன்னாள்.

"அவரிட்ட போய்ச் சொல்லு. இனி என்ர பேரை வாசிக்க வேண்டாம். வாசிக்கத்தான் வேணுமெண்டா, சவிரிமுத்து மகள் லீனா எண்டு வாசிக்கச் சொல்லு. கோயில்ல இருக்கிற எல்லாருக்கும் கேக்கிற மாதிரி."

சுஜிதா அப்படியே போய்ச் சொன்னாள். அடுத்த ஞாயிறு தேவானந்தம் ஜெபக் குறிப்பை வாசித்தார். முழங்கால் வலிக்காரர்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகள், கனடாவில் விசாவுக்குக் காத்திருக்கும் தம்பி சாம்ராஜ் என்று வரிசையாக எல்லோர் பெயரும் வந்தது. லீனாவின் பெயர் வரவில்லை.