சாம்பிராணிக் கலர் லைனிங்

தி.நகர் பட்டுக்கடையில் சந்திரிகா சேலையை விரித்தால் போதும், சும்மா பார்க்க வந்தவர்கள்கூட ஒன்றை எடுத்துக்கொண்டுதான் போவார்கள். அப்படி ஒரு வாய் அவளுக்கு. அந்த வாயாடி இருபது வருஷமாக ஒரு விஷயத்தை மட்டும் மூச்சு விடாமல் வைத்திருந்தாள். அவளுக்கு ஒற்றைத் தலைவலி.

சாதாரணத் தலைவலியா அது! முதலில் கண்ணோரத்தில் ஜரிகை மாதிரி மின்னும். விரித்த சேலையில் பாதி தெரியாது. அப்புறம் குமட்டல், மண்டையைப் பிளக்கிற வலி. விஷயம் வெளியே தெரிந்தால் பட்டுப் பிரிவிலிருந்து தூக்கி, பார்சல் கட்டுகிற இடத்தில் போட்டுவிடுவார்களோ என்று பயந்தாள். பட்டை விட்டுப் போவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அப்போதெல்லாம் சகினா இருந்தாள், விஷயம் தெரிந்த ஒரே ஆள். மாடியில் ஜாக்கெட் தைக்கும் பிரிவு அவளுடையது. கீழேயிருந்து லைனிங் துணிக்குக் கலர் சொல்லிக் குரல் கொடுப்பதும், மாடியிலிருந்து பதில் வருவதும் அந்தக் கடையின் வழக்கம். கண்ணில் மின்னியதும் சந்திரிகா கத்துவாள்: "சகினா, சாம்பிராணிக் கலர்ல லைனிங் இருக்கா?"

அப்படி ஒரு கலரை யார் கண்டார்கள்! சகினா கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். "நீ மேல போ, நான் பாத்துக்கறேன்" என்று கிசுகிசுத்துவிட்டு, வந்தவர்களிடம் சேலையை விரிப்பாள். சந்திரிகா மாடியேறி, துணி வெட்டும் மேஜைக்கு அடியில் துண்டுத்துணிக் குவியலில் முகம் புதைத்துக் கிடப்பாள். புதுத்துணி வாசமும் சாக்பீஸ் தூளுமாக இருக்கும். சகினா திரும்பி வந்தாலும் மிஷினைத் தொடமாட்டாள். சத்தம் ஆகாதே என்று கையால் கொக்கி தைத்துக்கொண்டிருப்பாள். என்ன மனுஷி அவள்!

சகினா வேலையை விட்டு, மகன் தௌஃபீக்கோடு திருவான்மியூர் போய்விட்டாள். தையல் பிரிவையும் மூடிவிட்டார்கள். இந்த வருஷம் ஊழியர் நலத் திட்டம் என்று ஒன்று வந்தது. அடையாறிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து ஒற்றைத் தலைவலியைப் பற்றிப் பேசினார். தையல் பிரிவு இருந்த இடத்திலேயே படுத்துக்கொள்ள ஓர் இருட்டறை. மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். யாரிடம்? அய்யாதுரை அண்ணாச்சியிடமா? அவர் முறைத்தாலே பாதிப் பேருக்குத் தலைவலி வந்துவிடும். சந்திரிகா வாயைத் திறக்கவில்லை.

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் மறுபடியும் மின்னியது. பழக்க தோஷம், மாடியைப் பார்த்துக் கத்திவிட்டாள்: "சாம்பிராணிக் கலர்ல லைனிங் இருக்கா?"

மாடியில் யார் இருக்கிறார்கள், பதில் சொல்ல? அண்ணாச்சிதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இன்றோடு தொலைந்தோம் என்று நினைத்தாள்.

"அந்தக் கலரு தீந்துபோயி ரொம்ப நாளாச்சேம்மா. மேல ரூமு தொறந்துதான் கெடக்கு. போய்ப் படு."

சந்திரிகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணாச்சி, உங்களுக்கு எப்படி..."

"ஆரம்பத்துலயே சகினா வந்து சொல்லிட்டா. ஒன்னயப் பட்ட விட்டு மாத்தப்பிடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டா. ஒங்கிட்ட மூச்சு விடப்பிடாதுன்னும் சொல்லிருந்தா. போ, நான் பாத்துக்கிடுதேன்."

அறை குளுகுளுவென்று இருந்தது. கறுப்புத் திரை, சுத்தமான மெத்தை, நெற்றிக்கு ஐஸ் பை. ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் சாக்பீஸ் வாசம் இல்லை. அந்த மேஜை இருந்த மூலையைப் பார்த்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வலி தணிந்ததும் சகினாவுக்குப் போன் போட்டாள்.

"அண்ணாச்சிக்குத் தெரியும்னு ஏன்டி எங்கிட்ட சொல்லல? இத்தனை வருஷம் பயந்து செத்தேனே!"

"சொல்லிருந்தா நீ நேரா அவராண்டதான போயிருப்ப?" என்றாள் சகினா. "அப்பால என்னை யாரு கூப்டுக்கினு இருப்பா?"

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரேன்டி" என்றாள் சந்திரிகா.

"அடிப்பாவி," என்று சிரித்தாள் சகினா. "தலவலி இல்லாமயேவா?"