ஆத்தா வந்த வீட்டில் ஊசி

காரைக்காலில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கடைசிச் சில வருஷங்கள் எனக்குக் கொடுத்த வேலை, டைப் ஒன் சர்க்கரை உள்ள பிள்ளைகளின் வீட்டாருக்கு இன்சுலின் போடச் சொல்லிக்கொடுப்பது. இப்போதும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வகுப்பெடுக்கக் கூப்பிடுகிறார்கள். கோவில்பத்திலிருந்து ஸ்கூட்டியில் போய்விட்டு வருகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள், "சிஸ்டர், உங்களுக்கு மறக்க முடியாத கேஸ் எது?" என்று கேட்பார்கள். நல்லபடியாகத் தேறிய பிள்ளைகளின் கதையைச் சொல்லிச் சமாளித்துவிடுவேன். கேட்டதற்கு உண்மையான பதில் இதுதான்.

1. தண்ணீர் பாட்டில்

யாழினிக்கு அப்போது ஏழு வயசு. நெரவிப் பக்கத்துப் பிள்ளை. அப்பா குமரவேலுக்கு டவுனில் ஆபீஸ் உத்தியோகம், ஊரில் கொஞ்சம் நிலம். அம்மா செல்வி வீட்டில்தான் இருந்தாள். மற்ற பிள்ளைகளில் பலரை மயக்கத்தில்தான் தூக்கி வருவார்கள். இவள் தன் காலால் நடந்து வந்தாள். காரணம் செல்வி.

"ஸ்கூலுக்குக் குடுத்துவிடுற தண்ணி பாட்டிலு மத்தியானத்துக்குள்ளயே காலியாவுது சிஸ்டர். பாவாடை இடுப்புல நிக்க மாட்டேங்குது. எனக்கு என்னமோ சரியாப் படலை."

விரலில் குத்திப் பார்த்தோம். மீட்டரில் எண் வரவில்லை, 'ஹை' என்றுதான் வந்தது. செல்வி அழுதாள். அழுதுகொண்டே, "ஊசி எப்படிப் போடணும், காட்டுங்க" என்றாள். என் அனுபவத்தில் அவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டவர்கள் குறைவு. இன்சுலின் பேனாவில் யூனிட்டைத் திருப்பி வைப்பது, இடம் மாற்றிக் குத்துவது, ஊசியை உடனே உருவாமல் சற்று நிறுத்துவது, எல்லாம் ஒரே நாளில் கைக்கு வந்துவிட்டது. தினமும் ரீடிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். சாம்பார் சாதத்தையும் படம் பிடித்து அனுப்புவாள். "என்னம்மா, எனக்கும் சேர்த்து சமைச்சியா?" என்று கேலி செய்வேன்.

2. சென்னையிலிருந்து ஒரு வாய்ப்பு

அந்தச் சமயத்தில்தான் எங்கள் டாக்டரம்மாவுக்குச் சென்னையிலிருந்து தகவல் வந்தது. அங்கே ஒரு பெரிய மருத்துவமனையில் புது சிகிச்சைக்கு ட்ரையல் நடத்துகிறார்கள், நோய் தெரிந்து கொஞ்ச நாளே ஆன பிள்ளைகள் வேண்டும் என்று. டாக்டரம்மா குமரவேலையும் செல்வியையும் உட்கார வைத்து விளக்கினார்.

"காவலுக்கு வச்ச நாய் வீட்டுப் பிள்ளையையே கடிக்குது, அதுதான் இந்த வியாதி. கிருமியை அடிக்க வேண்டிய செல்லு, இன்சுலின் சுரக்கிற செல்லை அடிச்சிட்டிருக்கு. அந்த நாயை அதட்டி உக்கார வைக்கிற செல்லும் நம்ம ரத்தத்துலயே இருக்கு. இவளுக்கு அது பத்தலை. இவ ரத்தத்தை எடுத்து, அந்தச் செல்லை மட்டும் பிரிச்சு, லேப்ல பெருக்கி, திரும்ப இவளுக்கே ஏத்துவாங்க."

"முழுசா குணமாயிடுமா டாக்டர்?" என்று குமரவேல் கேட்டார்.

"குணம்னு சொல்ல மாட்டேன். ஊசி நிக்காது. மிச்சமிருக்கிற செல்லைக் காப்பாத்திக்கலாம்னு பாக்குறாங்க. அதுவும் ஆராய்ச்சிதான், உறுதி கிடையாது. மிச்சம் இருக்கறப்பவே செஞ்சாதான் உண்டு."

"விதைநெல்லு மிஞ்சினாப் போதும் டாக்டர், பொழைச்சுக்கலாம்" என்றார் குமரவேல்.

சென்னைக்குப் போனார்கள். சி-பெப்டைட் என்று ஒரு டெஸ்ட் உண்டு; உடம்பு சொந்தமாக எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும். யாழினிக்கு நன்றாகவே இருந்தது. ரத்தம் எடுத்துக்கொண்டு, செல் தயாரானதும் கூப்பிடுகிறோம் என்று அனுப்பினார்கள். வந்ததும் வராததுமாக யாழினி என்னிடம், "சிஸ்டர், என் செல்லு அங்க ஹாஸ்டல்ல தங்கியிருக்கு" என்றாள்.

3. ரெண்டு யூனிட்

இன்சுலின் தொடங்கிய சில வாரங்களில் சில பிள்ளைகளுக்கு ஒரு நல்ல காலம் வரும். எஞ்சிய செல்கள் கொஞ்சம் தெம்பாகி வேலை செய்யும், ஊசியின் அளவு குறையும். நாங்கள் அதை 'ஹனிமூன்' என்போம். பெற்றோரிடம் அந்த வார்த்தையைச் சொன்னால் சிரிப்பார்கள். யாழினிக்கு அளவு குறைந்துகொண்டே வந்து, ராத்திரி ஊசி ரெண்டு யூனிட்டில் நின்றது. பகலில் ஊசியே தேவைப்படவில்லை. "ரெண்டே ரெண்டு யூனிட்டும்மா, ராஜாத்தி!" என்று அவள் கன்னத்தைக் கிள்ளினேன். செல்வி முகத்தில் அன்றைக்குத்தான் நான் சிரிப்பைப் பார்த்தேன்.

ஹனிமூன் நிலைக்காது என்று சொல்லித்தான் அனுப்பினோம். காய்ச்சல் வந்தால், வாந்தி எடுத்தால் ஊசியை நிறுத்தக் கூடாது, அப்போதுதான் கூடுதலாகத் தேவைப்படும் என்பதையும் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லி, திரும்பச் சொல்லவும் வைப்போம். செல்வி அட்சரம் பிசகாமல் சொன்னாள்.

பங்குனி மாசம். செல் தயாராகிவிட்டது, அடுத்த வாரம் அழைத்து வாருங்கள் என்று சென்னையிலிருந்து தேதி சொன்னார்கள். அந்த வாரம்தான் செல்வியிடமிருந்து ரீடிங் வருவது நின்றது.

போன் செய்தேன். குமரவேல் எடுத்தார்.

"நல்லா இருக்கா சிஸ்டர். செல்விக்குக் கொஞ்சம் வேலை. ரீடிங்கை அப்பறமா அனுப்பச் சொல்றேன்."

குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பயணத்துக்கு ஏற்பாடு செய்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

4. ஐ.சி.யு. வாசல்

இரண்டு நாள் கழித்து, விடிந்ததும் விடியாததுமாகக் காரில் கொண்டுவந்தார்கள். பிள்ளைக்கு நினைவில்லை. மூச்சு ஆழமாக, வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. மூச்சில் அழுகிய பழ வாடை. அது இன்சுலின் இல்லாமல் ரத்தம் அமிலமாகிப் போனதன் வாடை. ஒரு தடவை முகர்ந்தவளுக்கு ஆயுசுக்கும் மறக்காது. போர்வையை விலக்கினால் உடம்பெல்லாம் கொப்புளம். தலைமாட்டில் வேப்பிலை.

எனக்கு விளங்கிவிட்டது. நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தான். என் பிள்ளைக்கு அம்மை போட்டபோது வாசலில் வேப்பிலை செருகியவள்தான். ஆத்தா வந்திருக்கும் வீட்டில் தாளிக்க மாட்டார்கள். வெளியூர் போக மாட்டார்கள், வெளியாளை உள்ளே விட மாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை மருந்து என்ற பேச்சே கிடையாது. குளிர்ச்சிக்கு இளநீர் கொடுப்பார்கள், பானகம் கொடுப்பார்கள். இந்தப் பிள்ளைக்கு வெல்லம் கரைத்த பானகம்! ஊசியும் இல்லை.

பிள்ளைக்கு டிரிப் ஏற்றி, இன்சுலின் ஓடத் தொடங்கியதும் வெளியே வந்தேன். கோபம் வந்தால் எனக்கு நாக்கு முந்திக்கொள்ளும்.

"அத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னேனே செல்வி! காய்ச்சல் வந்தா ஊசிய நிறுத்தாத, எனக்குப் போன் பண்ணுன்னு!"

செல்வி சுவரோடு ஒட்டி நின்றாள். மஞ்சள் புடவை, எண்ணெய் காணாத தலை.

"காய்ச்சலுக்குத்தானே சிஸ்டர் சொன்னீங்க. இது ஆத்தால்ல? ஆத்தா எறங்கியிருக்கிற உடம்புல எப்படி சிஸ்டர் ஊசி குத்துவேன்? ரெண்டு யூனிட்டுதானே, தண்ணி ஊத்துற வரைக்கும் ஆத்தாளே பாத்துக்குவான்னு இருந்துட்டேன்."

குமரவேல் பக்கம் திரும்பினேன். "படிச்ச மனுஷன்தானே நீங்க? நான் போன் பண்ணப்பவாவது சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா சென்னையில வேணாம்னுடுவாங்கன்னு பயந்துட்டேன் சிஸ்டர். வேற பிள்ளைக்கு அந்த எடத்தைக் குடுத்துட்டா? அதுக்குள்ள அம்மை எறங்கிடும், சத்தம் போடாம கூட்டிப் போயிடலாம்னு நெனச்சேன்."

மத்தியானம் டாக்டரம்மா சென்னைக்குப் பேசினார். வார்டில் அவர் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். நானும் குமரவேலும் பக்கத்தில் நின்றோம்.

"சிக்கன்பாக்ஸா? அதுக்காக யாரையும் நீக்க மாட்டோம் மேடம். செல்லை ஃப்ரீசர்ல வச்சுட்டு மூணு வாரம் தள்ளிப் போட்டிருப்போம். ஆனா இன்சுலினே இல்லாம ரத்தம் அமிலமாகி டி.கே.ஏ. வரைக்கும் போயிருக்கு. சி-பெப்டைட்டைத் திரும்பப் பாத்துட்டுதான் சொல்ல முடியும்."

போனை வைத்த பிறகு குமரவேல் என்னைப் பார்த்து, "மூணு வாரம்தானா சிஸ்டர்?" என்றார். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். காலையில் அந்த மனுஷனை அப்படிப் பேசியிருக்க வேண்டாமே என்று இருந்தது.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். தழும்பும் மறைந்தது. ஆனால் சி-பெப்டைட் பாதாளத்துக்குப் போய்விட்டது. காப்பாற்ற மிச்சம் இல்லை, சேர்க்க முடியாது என்று சென்னையில் சொல்லிவிட்டார்கள். இந்த நோய் எப்படியும் அங்கேதான் கொண்டு போய்விட்டிருக்கும், சிகிச்சை கொடுத்திருந்தாலும் பலித்திருக்கும் என்பது நிச்சயமில்லை என்றார் டாக்டரம்மா. உண்மைதான். அந்த உண்மை எங்களில் ஒருவருக்கும் ஆறுதலாக இல்லை.

5. இப்போது

இப்போது வகுப்பில் நான் முதலில் கேட்பதே, "வீட்டுல ஆத்தா வந்தா ஊசிய என்ன செய்வீங்க?" என்பதுதான். கேட்டதும் எல்லாரும் கப்சிப். தாய்மார்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அந்த மௌனத்தை மட்டும் அவசரப்பட்டுக் கலைத்துவிடாதீர்கள், பெண்களே. அதிலிருந்துதான் வகுப்பே தொடங்குகிறது. சாமியை விட்டுவிடு என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. வேப்பிலையும் இருக்கட்டும், ஊசியும் இருக்கட்டும், விரலில் குத்துவதற்கு முன் ஆத்தாளைக் கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்கிறேன். மருத்துவப் புத்தகத்தில் காய்ச்சல், தொற்று என்று எழுதியிருக்கும். நம் சனங்கள் வீட்டில் அதற்கெல்லாம் வேறு கணக்கு உண்டு. அவர்கள் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் நம் பாடத்தை ஒப்பிக்க வைத்துப் பிரயோசனமில்லை.

செல்வி பிள்ளையை மாதந்தவறாமல் அழைத்து வருகிறாள். அந்தக் கேள்வியை நான் கேட்கும்போது மட்டும் எழுந்து வெளியே போய்விடுவாள். நானும் கூப்பிடுவதில்லை.

போன மாதம் அப்படி அவள் வெளியே போயிருந்தபோது யாழினி என் மேசைக்கு வந்தாள். இப்போது தன் ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறாள், ஒரு நாளைக்கு நாலு தடவை.

"சிஸ்டர், என் செல்லெல்லாம் இன்னும் சென்னையிலதான் இருக்கா?"

"இருக்கும்மா. ஃப்ரீசர்ல வச்சிருக்காங்க."

"எனக்குத்தான் வேணாம்னுட்டாங்களே. புதுசா சக்கரை வந்த வேற பிள்ளைக்குக் குடுத்துடச் சொல்லுங்களேன்."

"அது உன் ரத்தத்துலேர்ந்து எடுத்தது கண்ணு. உனக்கு மட்டுந்தான் சேரும்."



"அப்ப அது சும்மாவேதான் இருக்குமா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு, செல்வி உள்ளே வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.