புது டீச்சருக்கு ஒரு பள்ளிக்கூடம்

“இது தேறாது மேடம். ரெண்டு மாசம் தாண்டாது” என்று அந்தத் தலைமையாசிரியர் என்னிடம் சொன்னபோது, அந்தப் பெண் எங்களுக்குக் கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளைத்தான் ‘இது’ என்றார். அவள் கையில் வருகைப் பதிவேடு இருந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காது கேட்காதவள் மாதிரி வாசலைப் பார்த்தாள். வேலையில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

நான் அப்போது அரியலூர் மாவட்டத்தில் ஓர் ஒன்றியத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்தேன். பள்ளி பள்ளியாகப் போய் வகுப்பு நடப்பதைப் பார்த்து, தடுமாறுகிற ஆசிரியர்களுக்குத் துணையாக இருப்பது என் வேலை என்று ஆணையில் எழுதியிருக்கும். உண்மையில் நாங்கள் போய் போட்டோ எடுத்து அனுப்புவோம், அவ்வளவுதான். அன்று போட்டோ எடுக்கவில்லை. அவளோடு வகுப்பறைக்குப் போனேன்.

ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் சேர்த்து ஒரே அறையில் அவள் தலையில் கட்டியிருந்தார்கள். அதோடு பள்ளியின் ஆன்லைன் பதிவுகள் முழுவதும் அவள் பொறுப்பு. ‘சின்ன வயசு, போன் நல்லா நோண்டுவீங்க’ என்று காரணம் சொன்னார்களாம். அவள் பலகையில் எழுதத் திரும்பியதும் பின்வரிசையில் சத்தம் எழும்பியது. உடனே தலைமையாசிரியர் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று, பிள்ளைகள் எல்லோர் முன்னாலும், “என்னம்மா, சந்தைக்கடையா நடத்துற?” என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கவனித்தேன். புதிதாக வந்த டீச்சரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

இடைவேளையில் ஆசிரியர் அறைக்கு டீ வந்தது. எங்கள் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர். அவளுக்கு மட்டும் பேப்பர் கப். நான் கப்பைப் பார்ப்பதைத் தலைமையாசிரியர் பார்த்துவிட்டார்.

“ஹைஜீன்தான் மேடம்” என்றார்.

“அப்ப எனக்கும் கப்புலயே குடுங்க சார்.”

அவர் சிரித்தார். சத்துணவுக்கூட அம்மா என் டம்ளரை எடுக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நின்றார். நான் ஜெயங்கொண்டம் பக்கத்து விவசாயக் குடும்பம். அந்த மனிதர் அதை என்னிடம் எப்போதோ கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார். அவளிடம் சேர்ந்த முதல் நாளே கேட்டாராம், “ஊர்ல எந்தப் பக்கம்?” என்று. அவளும் மறைக்காமல் தெருவைச் சொல்லியிருக்கிறாள். ஏன் மறைக்க வேண்டும்?

வண்டி நிறுத்தும் இடத்துக்கு என்னோடு நடந்து வந்தபோதுதான் பேசினாள். பாடாலூரில் நெடுஞ்சாலை ஓரம் அவள் அப்பா டிபன் கடை வைத்திருக்கிறார். அவருடைய அப்பா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம். இவளுடையதுதான் முதல் அரசு வேலை.

“தேர்வு எழுதிட்டு வருஷக்கணக்கா காத்திருந்தேன் மேடம். ஆர்டர் வந்த அன்னிக்கு அப்பா கடைக்கு வந்த லாரிக்காரங்க எல்லாருக்கும் கேசரி குடுத்தாரு. இப்பப் போயி வேலை வேணாம்னு எப்படிச் சொல்றது? ஆனா காலையில பஸ்ஸு இந்த ஊருக்குத் திரும்புனாலே, எறங்காம அப்படியே அடுத்த ஊருக்குப் போயிடலாமான்னு தோணுது.”

“புகார் குடு. நான் சாட்சி சொல்றேன்.”

“வேணாம் மேடம். குடுத்தா, வந்த ஒரு மாசத்துல புகார் குடுத்தவள்னு ரிட்டையராகுற வரைக்கும் எம்மேல ஒட்டிக்கும். அவருக்கு ஒண்ணும் ஆகாது.”

அவள் சொன்னது சரிதான் என்று எனக்குத் தெரிந்தது. அதனால்தான் கோபம் இன்னும் கூடியது. அவள் பெயரைச் சொல்லாமல் எங்கள் கல்வி அலுவலரிடம் பேசிப் பார்த்தேன். “அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டுப் போகச் சொல்லுங்க மேடம். நாம எல்லாம் அடிபட்டுத்தானே பழகுனோம்” என்றார். அடிபட்டவர்கள் எத்தனை பேர் பழகினார்கள், எத்தனை பேர் உள்ளுக்குள் செத்துப்போய்ச் சம்பளத்துக்கு மட்டும் வருகிறார்கள் என்று அவருக்குத் தெரியாதா? மேல்நிலை வகுப்பில் தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளையைப் பார்த்தால் தொடக்கப்பள்ளியைத் திட்டுகிறோம். அந்தத் தொடக்கப்பள்ளியில் முதல் வருஷம் ஒரு டீச்சரை என்ன பாடு படுத்தினோம் என்று யாரும் கேட்பதில்லை.

அவளுக்கு அந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது யார்? அவளேதான். கலந்தாய்வில் திரையில் காலியிடங்கள் ஓடுகின்றன. பின்னால் வரிசை நிற்கிறது. சீக்கிரம் சொல்லும்மா என்கிறார்கள். தெரிந்தவர்கள் எல்லோரும் அவளுக்கு ஒரே யோசனைதான் சொல்லியிருந்தார்கள். மெயின்ரோடா பாரு, டைல்ஸ் போட்டிருக்கா பாரு, காலனிப் பள்ளிக்கூடம் மட்டும் எடுத்துடாதே. பக்கத்து அறையில் எப்படிப்பட்ட மனிதர்கள் இருப்பார்கள் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. அதை அந்தத் திரையும் காட்டாது.

எனக்குத் தெரியும். ஊர் ஊராகப் போகிற எனக்கு, எந்தப் பள்ளியில் ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், எந்தப் பள்ளியில் ஆளுக்கொரு மூலையில் சாப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் தெரியும். அதனால் ஒரு சனிக்கிழமை அவளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு, திருமானூர் தாண்டி, கொள்ளிடக்கரையை ஒட்டிய ஒரு காலனிப் பள்ளிக்குப் போனேன். கரும்பு வெட்டுகிறவர்களின் பிள்ளைகள் படிக்கிற பள்ளி. எங்கள் அலுவலகத்தில் யாரையாவது மிரட்ட வேண்டுமென்றால் அந்தப் பள்ளியின் பெயரைச் சொல்லி, “தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கிடுவேன்” என்பார்கள். சுற்றிலும் வாய்க்கால் ஓடுகிறது, இரண்டு பக்கமும் நெல் நிற்கிறது, கூப்பிடு தூரத்தில் ஆறு. அதற்குத்தான் தண்ணியில்லாக் காடு என்று பெயர்.

எங்களுக்கு விடுமுறை, ஆனால் முன்பு விட்ட ஒரு நாளை ஈடுகட்ட அன்று அந்தப் பள்ளிக்கு வேலைநாள். தலைமையாசிரியை ஐம்பதைத் தாண்டியவர், குரல் தெருமுனை வரை கேட்கும். இவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சாப்டியா?” என்றார். அடுத்து, “பாட்டு வருமா?”

“கொஞ்சம் வரும் மேடம்.”

“எனக்குச் சுத்தமா வராது. நான் பாடுனா ஒண்ணாப்புப் புள்ளைங்க காதப் பொத்திக்குதுங்க. வா, ஒரு பாட்டு சொல்லிக்குடுத்துட்டுப் போ.”

எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. இவள் தயங்கித் தயங்கி வகுப்பில் நின்றாள். தலைமையாசிரியை பின்னால் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துகொண்டார். பின்வரிசையில் இரண்டு பிள்ளைகள் அடித்துக்கொண்டபோது, சத்தம் போடாமல் ஒன்றைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பாட்டு நிற்கவில்லை.

சாயங்காலம் பிள்ளைகள் போனபிறகு ஆசிரியர்கள் எல்லோரும் கால்மணி நேரம் உட்காருவது அங்கே வழக்கம். இன்று எனக்கு எது சொதப்பியது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். தலைமையாசிரியை முதலில் தன்னுடையதைச் சொல்வார். அன்று, ஒரு பிள்ளையை எழுதவில்லை என்று திட்டியபிறகுதான் அது காலையில் சாப்பிடாமல் வந்தது தெரிந்தது என்றார். பிறகு இவள் பக்கம் திரும்பினார்.

“மொத வருஷம் நான் தெனம் அழுவேன். பாத்ரூமுக்குள்ள போயி அழலாம்னா அப்ப அதுவும் கெடையாது. கரும்புக்குள்ள போயி நின்னு அழுவேன். அதுக்குன்னு நீயும் அழணும்னு சட்டமா என்ன?”

திரும்பி வரும்போது அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், “என்னை அங்க போட முடியுமா மேடம்?” என்றாள்.

அந்தப் பள்ளியில் ஓர் ஆசிரியர், மனைவியின் வேலைக்காக மெயின்ரோட்டுப் பக்கம் வரத் துடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சம்மதித்து இடம் மாற்றிக்கொள்ளும் வழி விதியில் இருக்கிறது. அதற்கு எழுதிக்கொடுக்க வைத்தேன். எழுதிக் கொடுப்பது சுலபம், கையெழுத்து வாங்குவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. அலுவலகம் முழுக்க என்னைப் பற்றித்தான் பேச்சு. கமிஷன் வாங்குகிறாளாம், காலனிக்காரர்களிடம் நல்ல பேர் எடுக்கப் பார்க்கிறாளாம்.

அலுவலர் நேராகவே கேட்டார். “நீங்க என்ன மேடம், டிரான்ஸ்ஃபர் புரோக்கரா?”

“இல்ல சார். ஒரு டீச்சரு வேலைய விட்டு ஓடாம இருக்க என்ன செய்யணுமோ அதச் செய்யறேன். அது உங்க வேலை. நீங்க செய்யாததால நான் செய்யறேன்.”

கடைசியில் ஆணை வந்தது. இரண்டு ஆசிரியர்களுமே மாறுதல் கேட்டுக்கொண்டிருந்ததால் அவரால் மறுக்க முடியவில்லை.

அந்த வருஷ முடிவில் நான் அவள் வகுப்புக்குப் போனேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சுவரில் தொங்கிய படங்களுக்குக் கீழே தாங்களே வாக்கியம் எழுதி ஒட்டியிருந்தார்கள். ‘எங்க அம்மா கரும்பு வெட்டும். நான் தண்ணி கொண்டு போவேன்.’ எழுத்துப்பிழையை அவள் சிவப்பு மையால் வட்டமிடவில்லை. பக்கத்தில் சரியாக எழுதிக் காட்டியிருந்தாள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். அதன்பிறகு கலந்தாய்வுக்கு முன்னால் புதியவர்கள் யார் போன் செய்தாலும், வாங்க, பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன். ஒரு பையன் பாதையைப் பார்த்ததுமே போதும் மேடம் என்று திரும்பிவிட்டான். அவனையும் குறை சொல்ல மாட்டேன். தெரிந்து முடிவு செய்தானே.

இந்தக் கதை இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுத எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அடுத்த ஆண்டு பள்ளி திறந்த கொஞ்ச நாளில் அவளுக்கு ஓர் ஆணை வந்தது. மாற்றுப்பணி. அவள் முதலில் இருந்த மெயின்ரோட்டுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு ஆள் இல்லை, அவளோடு இடம் மாறிப் போனவர் நீண்ட விடுப்பில் இருக்கிறார், அதனால் நாளை முதல் அங்கே போய்ப் பாடம் நடத்த வேண்டும். கேட்டது யார்? அதே தலைமையாசிரியர். “அந்தப் பொண்ணு நல்லா நடத்துதாமே, இங்க அனுப்புங்க” என்றாராம். தேறாது என்றவர்! தான் உடைக்கப் பார்த்ததை வேறு ஒருவர் நிமிர்த்தி வைத்ததும், எடுத்துக்கொள்ளக் கை நீட்டுகிறார். அலுவலகமும் தூக்கிக் கொடுக்கிறது. காலனிப் பிள்ளைகளுக்கு டீச்சர் இல்லாமல் போனால் அது பற்றாக்குறை. மெயின்ரோட்டுப் பிள்ளைகளுக்கு இல்லாமல் போனால் அவசரம். இதை எந்த விதியிலும் எழுதி வைக்கவில்லை. ஆனால் நான் பார்த்த எல்லா ஆணையும் இதைத்தான் பின்பற்றியது.

நான் அலுவலரிடம் கத்தினேன். அவர் எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார்.

மறுநாள் காலை, அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். தலைமையாசிரியை சொல்லி வரவில்லை, நானும் சொல்லவில்லை. பிள்ளைகள் வீட்டில் போய் அழுதிருக்கின்றன. வெட்டுக்குப் போகிற நாளின் கூலியை விட்டுவிட்டு ஒரு மினி வேனில் வந்திறங்கினார்கள். கோஷம் போடவில்லை. வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அலுவலர் வெளியே வந்து, “நாலு பேரு மட்டும் உள்ள வாங்க, மத்தவங்க வூட்டுக்குப் போங்க” என்றார். ஒருவரும் எழவில்லை. முன்னால் இருந்த ஓர் அம்மா உட்கார்ந்தபடியே கேட்டார்.

“அந்த ஸ்கூலுக்கு ஆளு வேணும்னா எங்க டீச்சர எடுக்கிறீங்க. சரி சார். எங்க ஸ்கூலுக்கு ஆளு வேணும்னா யாரு டீச்சர எடுப்பீங்க?”

அவர் தன் அறைக்குள் போய்விட்டார். மத்தியானத்துக்குள் ஆணை நிறுத்தி வைக்கப்பட்டது. மெயின்ரோட்டுப் பள்ளிக்குப் பக்கத்தில் பிள்ளைகளைவிட ஆசிரியர் கூடுதலாக இருந்த ஒரு பள்ளியிலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். அப்படி ஒரு பள்ளி பக்கத்திலேயே இருப்பது அவர்களுக்கு முதல் நாளே தெரியும்.

அவள் இன்றும் அங்கேதான் இருக்கிறாள். திருமானூரிலேயே வீடு பார்த்துவிட்டாள். அதற்கும் பல வாசல்களில் “எந்த ஆளுங்க?” என்ற கேள்வியைத் தாண்டித்தான் வந்தாள். என்னை அடுத்த மாறுதலில் பெரம்பலூர் மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நிர்வாகக் காரணம் என்று எழுதியிருந்தது. இப்போது ரஞ்சன்குடிப் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். எனக்கு வகுப்பறை பிடிக்கும். தண்டனை என்று நினைத்து அனுப்பியவர்களுக்கு அது தெரியாது.

போன வாரம் ஒரு பையன் போன் செய்தான். புதிதாகத் தேர்வானவன், யாரிடமோ என் நம்பர் வாங்கியிருக்கிறான்.

“மேடம், எந்த ஸ்கூலு எடுக்கலாம்னு நீங்க சொல்வீங்கன்னாங்க.”

“நான் சொல்ல மாட்டேன் தம்பி. நாம போயிப் பாப்போம். மத்தியானச் சாப்பாட்டு நேரமாப் பாத்துப் போகணும்.”

“இதுக்கு ஆபீஸ்ல யாரும் இல்லையா மேடம்? நீங்க ஏன் உங்க லீவுல…”

அந்தக் கேள்வியை எல்லோரும் என்னிடமே கேட்கிறார்கள். நான் அவனிடம் சத்தமாகவே சொன்னேன், பக்கத்து வகுப்பு வரை கேட்டிருக்கும். “யாரும் இல்லப்பா. இருக்கணும். வேலையில சேந்ததும் மொத மனுவா இதையே எழுதிக் குடு. நானும் கையெழுத்துப் போடறேன்.”

சனிக்கிழமை காலை வேப்பந்தட்டை பஸ் நிறுத்தத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.